கதவு வைக்காத கூடம்

மலைமேல் இருக்கும் எங்கள் ஊரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே பழைய ஆஸ்பத்திரி இருக்கிறது. புது ஆஸ்பத்திரியை வேறு இடத்தில் கட்டிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் நாங்கள் இதைத்தான் ஆஸ்பத்திரி என்போம். கல் சுவர், ஓட்டுக்கூரை, முன்னால் நீளமாக ஒரு கூடம், பின்னால் இரண்டு அறை. கூடத்துக்கு வாசல் உண்டு, கதவு கிடையாது. இருந்த கதவைக் கரையான் தின்றுவிட்டது.

அதை இடிக்க வண்டி வந்தபோது புளிக்காலம். சந்துக்குச் சந்து புளி உலர்த்தியிருந்தது. நாலைந்து வீட்டுக்காரர்கள் உலர்ந்த புளியை ஆஸ்பத்திரிக் கூடத்தில் கொட்டி வைத்திருந்தார்கள். ஜேசிபி ஓட்டி வந்தவர் கீழ்நாட்டுக்காரர், மலைக்குக் கீழே இருக்கிற ஆள். ஊர்க்கவுண்டர் அவரிடம் போய், "உள்ள புளி கீதுப்பா. எடுத்தப்பறம் இடிச்சிக்கோ" என்றார். ஊர்ப் பொதுக்காரியத்தில் அவர் சொல்வதைத்தான் எல்லாரும் கேட்பார்கள். எனக்குப் பெரியப்பா முறை.

"எப்ப எடுப்பீங்க?" என்றார் டிரைவர்.

"போளூர்லேந்து வியாபாரி வரணும். வந்தா எடுத்துடுவோம்."

அன்று சாயந்திரம் என் அண்ணன் எங்கள் வீட்டுப் புளியையும் மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினான். அம்மா, "காய வெச்ச புளிய எங்கடா தூக்கிகினு போற?" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்கு. அங்க கீற புளி ஒண்டியா படுத்துகினு கீது, பாவம்."

அவனைப் பார்த்து அவன் கூட்டாளிகள் கொண்டுபோனார்கள். பிறகு எல்லா வீட்டுக்காரர்களும் கொண்டுபோனார்கள். டிரைவர் தினமும் வந்து எட்டிப் பார்ப்பார், டீக்கடை அத்தையிடம் டீ வாங்கிக் குடிப்பார், "இன்னாங்க இது, புளி ஏறிக்கினே போவுது?" என்பார். "இந்த வருஷம் காய்ப்பு ஜாஸ்தி" என்பாள் அத்தை. கடைசியில் அவருக்குச் செங்கம் பக்கம் வேறு வேலை வந்து வண்டியை இறக்கிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் ஒரு இன்ஜினியர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, கல் கட்டடம் நன்றாகத்தான் இருக்கிறது, இடிக்க வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரி அப்படித்தான் பிழைத்தது.

கூரை மட்டும் மோசமாக இருந்தது. போளூர் பக்கத்தில் ஒரு பழைய ரைஸ்மில்லைப் பிரித்தார்கள். அந்த ஓடுகளை அண்ணனும் அவன் கூட்டாளிகளும் கேட்டு வாங்கி மினி லாரியில் ஏற்றி வந்தார்கள். அண்ணன் திருப்பத்தூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போனவன். ஓடு போட்டுப் பழக்கமில்லை. போடப் போடத்தான் கற்றுக்கொண்டான். அதனால் ஒரு பக்கம் ஒழுங்காகவும், முதலில் போட்ட பக்கம் கோணலாகவும் இருக்கும். டீக்கடை அத்தை கீழே நின்று பார்த்துவிட்டு, "இன்னாடா இது, பல்லு வுழுந்தவன் வாயாட்டம்?" என்றாள். அவள் எங்கள் அப்பாவின் தங்கை. அப்பா செத்த பிறகு எங்களைத் திட்டுகிற உரிமை முழுவதையும் அவளே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ கடையில நனயாம குந்தினுகீற. உனக்கு இன்னா?" என்று அண்ணன் மேலிருந்தபடியே சொன்னான்.

"கதவு எப்படா வெப்பீங்க?"

"கதவு வெச்சா பூட்டு வெக்கணும். பூட்டு வெச்சா சாவி ஒருத்தன் கையில இருக்கணும். மழ வர சொல்ல அவன் காட்டுக்குப் போயிருந்தா நீ நனஞ்சிகினே அவன தேடு."

கதவு வாங்கக் காசில்லை என்பதுதான் நிஜம். ஆனால் அவன் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. அதன் பிறகு அந்தக் கூடம் எல்லாருக்கும் உதவியது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் உட்கார்ந்தார்கள். ஹாஸ்டலில் இருந்து வரும் பிள்ளைகள் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து அப்பன் வருகிறானா என்று பார்த்தார்கள். சாக்கு, ஆடு, காய்ச்சல்காரர், எல்லாம் அங்கேதான். குடிக்கிறவர்களும் வந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். சில நாள் காலையில் நாற்றமாக இருக்கும். அத்தை திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றுவாள்.

போன ஆடி மாதம் அண்ணன் வேலை முடிந்து வரும்போது மலைப்பாதை வளைவில் பைக் சறுக்கிவிட்டது. தூறலாம். மூடுபனியாம். நான் பார்க்கவில்லை. அவன் உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் பஸ் நிற்கும் இடம்வரைக்கும்தான் வந்தது. எங்கள் வீடு உள்ளே தள்ளி இருக்கிறது, அன்றைக்கு வழியெல்லாம் சேறு. வழியில் கல் போட்டுச் சரிபண்ணும் வரைக்கும் அவனை ஆஸ்பத்திரிக் கூடத்தில் கிடத்தினார்கள். நானும் அம்மாவும் அங்கேதான் ஓடினோம். மழை ஓட்டின் மேல் பெய்துகொண்டிருந்தது. அவன் மேல் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. நான் அழாமல் மேலே பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்த ஓட்டை அவன் போட்டான், எந்த ஓட்டைக் கூட்டாளி போட்டான் என்று தேடிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் மனசு இப்படியெல்லாம் வேலை செய்யும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பொதுக்காரியம் எதுவானாலும் வீட்டுக்கு ஒருத்தர் வந்து உட்கார வேண்டும். கவுண்டர் ஒவ்வொரு வீடாகக் கேட்பார். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள், சாவுக் காரியம் முடியும் வரைக்கும், கூட்டத்தில் வாய் திறக்கக்கூடாது. தள்ளித்தான் உட்கார வேண்டும். ஆனால் அந்த வீட்டை விட்டுவிட்டு மற்றவர்களும் பேசி முடிக்கக்கூடாது. ஒரு வீடு குறைந்தால் கூட்டம் இல்லை. காரியம் முடிந்து கவுண்டர் வெற்றிலை கொடுத்துக் கூப்பிட்ட பிறகுதான் பேச்சு. அதுவரை ஊரே வாயை மூடிக்கொண்டிருக்கும். அது செத்தவனுக்குக் கொடுக்கிற மரியாதை.

எங்கள் வீட்டில் காரியம் தள்ளிப்போனது. ஊருக்குச் சோறு போடச் சாமை வேண்டும், புதுச் சாமை அறுத்து வந்ததும் செய்கிறோம் என்று அம்மா சொல்லியிருந்தாள். பழைய சாமையும் வீட்டில் இருந்தது. அதை யாரும் சொல்லிக்காட்டவில்லை.

ஆவணியில் ஒரு அதிகாரி வந்தார். சின்ன வயசு மேடம். நல்ல மாதிரி. ஆஸ்பத்திரியைச் சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் தங்குகிற மாதிரி மாற்றப்போகிறோம், கூடத்தில் சாமை அரிசி, தேன், புளி விற்கிற கடை வரும், உங்கள் பெண்களுக்குத்தான் வேலை என்று சொன்னார். கூடத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. நானும் அம்மாவும் வெளியே நாவல் மரத்தடியில், வழக்கப்படி தள்ளி உட்கார்ந்திருந்தோம்.

"யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க" என்றார் மேடம்.

யாரும் பேசவில்லை. பெரியப்பா ஒருமுறை எங்கள் பக்கம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். எங்களுக்காகத்தான் அந்த அமைதி என்று எனக்குப் புரிந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"தைரியமா சொல்லலாம். ஒண்ணும் இல்லையா? ரொம்ப சந்தோஷம்" என்றார் மேடம். போட்டோ எடுத்தார்கள். டீ குடித்தார்கள். ஜீப் போனதும் ஊர்க்காரர்கள் எழுந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். கூட்டம் இன்னும் நடக்கவில்லை, சாவு வீட்டுக் காரியம் முடிந்ததும் நடக்கும் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

புரட்டாசியில் ஷட்டர் வந்து இறங்கியது. இரும்பு ஷட்டர், சுருட்டி மேலே தள்ளுகிற மாதிரி. இரண்டு பேர் வாசல் கல்லின் இரண்டு பக்கமும் மிஷின் வைத்து, ஷட்டர் இறங்குவதற்குப் பள்ளமாகக் காடி வெட்டினார்கள். பெரியப்பா ஓடிப்போய் மேடத்துக்கு போன் போட்டார். அத்தையின் கடையில் நின்றுதான் பேசினார். ஸ்பீக்கர் போட்டிருந்ததால் எல்லாரும் கேட்டோம்.

"கூட்டமே நடக்கல மேடம், ஷட்டர் எப்பிடி வந்துது?"

"கூட்டத்துல நானே இருந்தேனே ஐயா. நீங்களும் முன்னாடிதான் உக்காந்திருந்தீங்க."

"நாங்க பேசவே இல்லீங்களே."

"ஆமா. யாரும் வேணாம்னு சொல்லல. அதனாலதான் சம்மதம்னு எழுதிட்டோம்."

பெரியப்பா போனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தார். அத்தை, "சாவு வூடு பக்கத்துல இருக்க சொல்ல எவன்மா வாய தொறப்பான்?" என்று போனைப் பார்த்துச் சொன்னாள். அதற்குள் சிக்னல் போய்விட்டது. மேடம் மேல் தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கும் வாய் திறக்க வேண்டுமே.

காடி வெட்டினவர்கள், ஷட்டர் மாட்ட வேறு ஆள் வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்ததும் விஷயத்தைச் சொல்லவில்லை. ஆட்டைப் பற்றிக் கேட்டார், மழையைப் பற்றிப் பேசினார். பிறகு அம்மாவிடம், "காரியத்த சீக்கிரம் பண்ணிடலாமாம்மா? புதுச் சாம வேணாம். வூட்டுக்கு ஒரு படி நாங்க தர்றோம். உங்க வூடு பேசினாதான் நாங்க பேச முடியும். இல்லன்னா கட்டடம் பூடும்" என்றார்.

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "கட்டடத்துக்கோசரம் எம்புள்ளய சீக்கிரம் அனுப்ப சொல்றீங்களா?"

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. அந்தக் கூடத்தைப் பூட்டிவிட்டால் அவன் கடைசியாகக் கிடந்த இடத்துக்கு நான் யாரையோ கேட்டுத்தான் போக வேண்டும். டூரிஸ்ட்காரர்கள் அங்கே துணி காயப்போடுவார்கள். அது எனக்குத் தாங்காது. ஆனால் அதற்காக அம்மாவை அவசரப்படுத்தவும் முடியாது. அவளுக்குக் காரியம் முடிவதுதான் தாங்காது.

இரண்டொரு நாள் கழித்து அம்மா காலையிலேயே எழுந்து எங்கேயோ போனாள். தேடிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தாள். கல்லில் வெட்டின காடியில் விரலை விட்டுவிட்டு எடுத்தாள். விரல் நுனியெல்லாம் வெள்ளைத் தூள்.

"இங்கதான அவன் தல இருந்துச்சு?" என்றாள்.

"இல்லம்மா. அந்தப் பக்கம். இங்க காலு."

"காலா." சேலையில் விரலைத் துடைத்துக்கொண்டாள். "ஷட்டர் போட்டா இதுமேல இழுத்து இழுத்து மூடுவாங்க."

வீட்டுக்கு வந்ததும் பழைய சாமையை எடுத்து உரலில் போட்டாள். நானும் உலக்கை எடுத்தேன்.

காரியம் முடிந்தது. ஊர் சாப்பிட்டது. பெரியப்பா தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து எங்கள் வாசலுக்கு வந்து, வழக்கப்படி, வீட்டுக்கு ஒருத்தர் கூட்டத்துக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார். அண்ணன் இருந்தவரை அவன் வாங்குவான். அம்மா தட்டைப் பார்த்தாள், என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

பின்னால் ஒருவர், "பொட்டப்புள்ள வந்து இன்னா பேசப்போவுது?" என்றார்.

அத்தை திரும்பினாள். "வூட்டுக்கு ஒருத்தர்னுதான் வழக்கம். மீச வேணும்னு எந்த ஊர்ல சொன்னாங்க? இருந்தா உன் மீசய கொஞ்சம் கடன் குடு."

அவர் மீசையைத் தடவிக்கொண்டே பின்னால் நகர்ந்தார்.

கூட்டத்துக்கு மேடத்தையும் பெரியப்பா கூப்பிட்டிருந்தார். வந்தார். ஏன் இரண்டாவது கூட்டம் என்று இந்த முறை பெரியப்பா பொறுமையாக எடுத்துச் சொன்னார். மேடம் கேட்டுவிட்டு, "அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார்.

"அந்த ஒரு வார்த்ததான் மேடம் சொல்லக்கூடாது" என்றார் பெரியப்பா. மேடம் சிரித்துவிட்டார். கூட்டமும் சிரித்தது.

வீடு வீடாகக் கேட்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. எல்லாருக்கும் ஒரு ஆசை இருந்தது, எல்லாரும் அதை என் அண்ணன் வாயில் வைத்தார்கள். ஒருவர், "தையல் மிஷின் போடணும். செத்துப்போன புள்ள அதத்தான் நெனச்சான்" என்றார். ஒருவர் கடை வரட்டும், அவனும் அதைத்தான் சொல்வான் என்றார். அண்ணனின் கூட்டாளி எழுந்து, லைப்ரரி வைக்க வேண்டும், அவன் பேரை வாசலில் எழுதி உள்ளே போட்டோ மாட்ட வேண்டும் என்று சொல்லும்போதே அழுதுவிட்டான். ஆனால் என் அண்ணன் புஸ்தகம் படித்து நான் பார்த்ததில்லை. அவர்கள் சொன்ன ஆள் ரொம்ப நல்லவனாக இருந்தான். எனக்கு அவனைத் தெரியவில்லை.

கடைசியில் பெரியப்பா என்னைப் பார்த்தார். "சொல்லும்மா. உங்க வூட்டுப் பேச்சு."

நான் எட்டாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. எழுந்தேன். வாசலில் வெட்டின காடியையே பார்த்துக்கொண்டு பேசினேன்.

"எங்கண்ணன் லைப்ரரி கேக்கல, மிஷினும் கேக்கல. மழயில நனயக்கூடாதுன்னு ஓடு போட்டான். அவ்ளோதான். கதவு வெச்சா சாவிக்காரன தேடணும்னு அத்தைகிட்ட சொன்னான். அது மட்டும்தான் எனக்குத் தெரியும். பின்னால இருக்கற ரூம நீங்க எது வேணா பண்ணிக்கோங்க. கடை போடுங்க, பூட்டுங்க. இந்தக் கூடத்த மட்டும் பூட்டாதீங்க. அவன இங்கதான் போட்டிருந்தோம். நான் வரணும்னா வரணும். யாரையும் கேட்டுகினு வர முடியாது." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "போட்டோவும் வேணாம்ணா" என்று கூட்டாளியைப் பார்த்துச் சொன்னேன். "போட்டோ இருந்தா அம்மா உள்ள வராது."

மேடம்தான் முதலில் கேட்டார். "நீ சொல்றது புரியுதும்மா. ஆனா தொறந்து கெடந்தா குடிக்கிறவங்க வருவாங்க. பின்னாடி கடையில பொருள் இருக்கும். யாரு பொறுப்பு?"

நியாயமான கேள்வி. அத்தை எழுந்தாள்.

"ஷட்டர் போட்டா குடிக்கிறவன் பால் குடிக்க போய்டுவானா மேடம்? என் கடைக்குப் பின்னால வருவான். இங்கன்னா எல்லாரும் பாக்கறோம், திட்டறோம். தண்ணி ஊத்தறதும் நான்தான. அத அப்பிடியே பண்ணிகினு போறேன்."

"அவ ஒருத்தி ஏன் ஊத்தணும்? மொற போட்டுக்கலாம்" என்றார் பெரியப்பா. "வூட்டுக்கு ஒரு நாளு. ஆம்பளைங்களும் கூட்டணும். மொதல் நாளு மீசக்காரரு."

மீசைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "செரி, இன்னா பண்றது" என்றார். பெரியப்பா மறுபடி வீடு வீடாகக் கேட்டார். கூட்டாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தங்கச்சி சொல்றதுதான்" என்றான். பின்னறை கடைக்கு, கூடம் ஊருக்கு என்று முடிந்தது. மேடம், நானே மாற்றிவிட முடியாது, எழுதிப் பார்க்கிறேன் என்றார். எழுதியிருக்கிறார். மார்கழியில் ஷட்டரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். பின்னறைகளுக்குப் புதுக்கதவு வந்தது. டூரிஸ்ட் தங்குகிற பேச்சு நின்றுவிட்டது. ஒரு அறையில் சாமை அரிசியும் தேனும் விற்கிறார்கள், இன்னொன்றில் மூட்டை இருக்கிறது. வாசல் கல்லில் வெட்டின காடியைச் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். அது ஒட்டாமல் வேறு நிறமாகத் தெரிகிறது.

முறை போட்டது எல்லா நாளும் ஒழுங்காக நடக்கவில்லை. சில வீட்டுக்காரர்கள் மறந்துவிடுவார்கள், அத்தை அந்த வீட்டு வாசலில் போய் நின்று கத்துவாள். எங்கள் முறை வந்த முதல் நாள் நான் மட்டும்தான் போய்க் கூட்டினேன். அம்மா வரவில்லை. அடுத்த முறை வாசல்வரைக்கும் வந்து நின்றாள்.

இந்தச் சித்திரையில் கோடைமழை பிடித்துக்கொண்டது. நானும் அம்மாவும் போளூர் போக பஸ்ஸுக்கு வந்தவர்கள், கூடத்துக்குள் ஓடினோம். அம்மாவும் உள்ளே ஓடி வந்துவிட்டாள். வந்த பிறகுதான் அதை இரண்டு பேரும் கவனித்தோம். கூட்டமாக இருந்தது. ஆடுகூட இருந்தது. நான் மூலையில் இடம் பார்த்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் என் தோளில் சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. அவன் முதலில் போட்ட கோணல் பக்கம் அது.

அத்தை கடையை விட்டு இங்கே வந்து ஒண்டியிருந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

"இத பாரு. ஒழுவுது. போட சொல்லவே சொன்னேன், பல்லு வுழுந்தவன் வாயாட்டம் கீதுன்னு. சொன்ன பேச்ச கேட்டானா அந்தத் தறுதல?"

அவன் போன பிறகு அவனை யாரும் திட்டவில்லை. செத்துப்போன புள்ள, நல்ல புள்ள, தங்கமான புள்ள என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். தறுதலை என்றதும் அவன் மேலே கூரையில் உட்கார்ந்து இவளுக்குப் பதில் தேடுகிற மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவைப் பார்த்தேன். அவளும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு கிரிக்கெட் ஆடப் போவணும்னு அவசரம் அவனுக்கு" என்றாள். "அதான் இந்த மூலய கோணலா வுட்டான். நகந்து குந்துடி, நனையற."

நான் நகர்ந்து உட்கார்ந்தேன்.